தாமஸ் மன்றோவும் மத்திகிரிக் குதிரைப் பந்தியும்

ஓசூரினின்று தேன்கனிக்கோட்டைக்குச் செல்லும் வழியிலே மத்திகிரி என்னும் ஊர் உளது. அங்கே அரசாங்கத்தார் நடத்திவரும் கால்நடைப் பண்ணை 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது. இன்று அது மாடுகளுக்குப் பேர்பெற்றதாயினும், 1824-ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கும்பெனியார் அதனை ஏற்படுத்தியது குதிரைகளின் பொருட்டேயாம். அப்பொழுது சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்தவர் ஸர் தாமஸ் மன்றோ. ஒருவர் சரித்திரத்தைக் குதிரைப் பந்தியின் வாயிலினின்று தொடங்குவது சிலர்க்கு வியப்பாகலாம். ஆனால் மன்றோ துரையின் வாழ்நாளிற் பெரும்பகுதி குதிரையின் முதுகிலேயே கழிந்தது.

அவர் 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ஸ்காத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவோடு வாணிகஞ் செய்தவர். அமெரிக்கச் சுதந்தரப் போர் மூளவே அவ்வாணிகம் அழிந்து, குடும்பம் வறுமையுற்றது. இளமையில் வந்த தட்டம்மையால் மன்றோவின் செவிப்புலனும் மந்தமாயிற்று. இந்நிலையிற் படைப்பயிற்சி மாணவராக 1780-ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னை வந்திறங்கினார். அவ்வாண்டிலேயே ஹைதர் அலியின் குதிரைப்படை மலைக்கணவாய் வழியாகக் கர்நாடகச் சீமையிற் புகுந்தது.

சிறு உத்தியோகத்திலிருந்த அக்காலத்து அவர் பட்ட வறுமையை 1789-இல் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தால் அறிகிறோம். மூன்றாண்டு காலம் புத்தகமோ, தோட்டாப் பையோ தவிர வேறு தலையணை அவர்க்கில்லை. இருந்த ஒரே குதிரையும் கிழக்குதிரை. பயணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் அவரே நடக்கவேண்டியிருந்ததாம். துன்பத்தை நகைச்சுவையோடு எழுதும் வன்மை அவர்க்கு இயல்பாய் வாய்த்திருந்தது.

1792-இல் ஸ்ரீரங்கபட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பெனியார்க்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அதில் அடங்கின. ஓசூர் மட்டும் 1799 வரையில் திப்புவினிடமே இருந்தது. புதுச்சீமையை ஆளக் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் அனுப்பப்பட்டார். அவர்க்குத் துணைவராய் வந்த மன்றோ தருமபுரியில் ஏழாண்டு தங்கினார். வயல்தோறும் சென்று, நிலத்தை அளந்து, மண்ணின் தரங்கண்டு, இடைநின்ற ஜமீன்தார்களையும் குத்தகைக்காரர்களையும் விலக்கி, உழுபவனோடு நேரே வரிபேசும் இரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. இதன் ஆசிரியர் மன்றோ என்றே யாவரும் கூறுவர். ஆயினும் ரீடுக்குரிய புகழை நாம் மறத்தல் தகாது. தருமபுரியில் தாம் அமைத்த தோட்டத்தை விட்டுப் பிரிய மன்றோவுக்கு மனமில்லை. நம் வறண்ட நிலத்தை ஒருவர் அத்துணை நேசித்தாரென்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

பின்னர்க் கன்னடக் கடற்கரைச் சீமையை ஆண்டு, 1800-இல், நிஜாமிடமிருந்து பெற்ற பெல்லாரி, கடப்பை முதலிய ஜில்லாக்களுக்குச் சென்றார். காவற்படையின்றிக் கூடாரத்திலேயே தங்கி, ஊர் ஊராய்த் திரிந்தார். ஆனால் அங்கே அவர் விதித்த வரி கடுமையாயிருந்தது. அதனை அவரே உணர்ந்து, 1807-இல் நிலவரியில் நூற்றுக்கு 25 பங்கு குறைக்கவேண்டுமென எழுதினார். மேலிடத்தார் இசைந்திலர். 1820-இல் தாமே கவர்னரான பின்னர் அக்குறைப்பை நடைமுறைக்குக் கொணர்ந்தார். தாம் இட்ட சுமையைத் தாமே இறக்கிவைக்கப் பதின்மூன்றாண்டு சென்றது. அதுவரை அச்சுமையைச் சுமந்தவர் குடியானவரே. இதனை மறைத்து அவரைப் புகழ்வது மெய்ச்சரித்திரம் ஆகாது.

அவர் ஆட்சியில் எழுந்த மத்திகிரிப் பண்ணைக்கு வருவோம். தமிழ்நாடு குதிரைக்கு என்றும் பிறநாட்டை நோக்கியே நின்றது. அரபு நாட்டினின்று கப்பலில் வந்த குதிரைகளுக்குப் பாண்டியர் பெரும்பொருள் கொடுத்தனர். மாணிக்கவாசகர் குதிரை வாங்கச் சென்ற கதையும் இதனையே காட்டும். கடற்கரையின் வெப்பமும் ஈரமும் குதிரைக்கு ஆகா. ஓசூரோ ஏறக்குறைய 900 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலம். குளிர்ந்த காற்றும் புல்வெளியும் உடையது.

அன்றியும், குதிரைப் பந்தி கட்டுதல் தனியொரு கலை. அரண்மனைக்கு அழகு முதன்மை. பந்திக்கோ காற்றே முதன்மை. சிறுநீரினின்று எழும் காரநெடி குதிரையின் கண்ணையும் மூச்சையும் கெடுக்குமாதலின், கூரையை உயர்த்தி, வெப்பக்காற்று மேலே வெளியேற வழிவிடல் வேண்டும். தரை குளம்பு வழுக்காததாயும், நீர் வடியச் சற்றே சரிந்ததாயும் இருத்தல் வேண்டும். சரிவு மிகுந்தாற் கால் நரம்பு நோகும். குதிரைக்குக் குதிரை தடுப்பும், வெயில் தாக்காத தாழ்வாரமும் வேண்டும். தீக்கு அஞ்சி வைக்கோற் போரைத் தொலைவில் வைப்பர். இத்துணையும் செய்து ஒரு குதிரைக்குக் கொடுக்கும் இடம், அந்நாளில் ஒரு குடியானவன் குடும்பத்தோடு வாழ்ந்த குடிசைக்குக் குறைந்ததன்று! அக்குதிரை தின்ற கொள்ளும் அவன் செலுத்திய வரியினின்று வந்ததே.

1823-இலேயே மன்றோ ஓய்வு வேண்டினார். அடுத்த ஆண்டு பர்மியப் போர் மூண்டமையால் அவர் போகக்கூடவில்லை. 1826-இல் இளைய மகன் நோயுற்றதனால் மனைவியார் சீமைக்குத் திரும்பினார். கிண்டி மாளிகையில் தனித்திருந்த மன்றோ, தாயகம் செல்லுமுன் தம் பழைய குடிகளை ஒருமுறை காண விரும்பி 1827-இற் பயணமானார். வழியிற் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு, ஜூலை மாதம் 6-ஆம் நாள் உயிர்நீத்தார். கூத்தியில் அடக்கஞ்செய்யப்பட்ட உடல் 1831-இற் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்திற்குக் கொண்டுவரப்பட்டது.

சென்னைத் தீவுத்திடலருகே அவருடைய வெண்கலச் சிலை குதிரைமீது வீற்றிருக்கிறது. லண்டனில் ஸர் பிரான்ஸிஸ் சான்ட்ரி என்பார் சமைத்து, 1839-இல் நிறுவப்பட்ட அதிற் சேணமுமில்லை, அங்கவடியுமில்லை. சிற்பி மறந்துவிட்டாரென்றும், நாணித் தற்கொலை செய்துகொண்டாரென்றும் சொல்லுவது கட்டுக்கதை. அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையும் அங்ஙனமே சேணமின்றி லண்டனில் நிற்கிறது. கூத்தியிலோ அவர் பெயரால் வழிப்போக்கர்க்கு ஒரு சத்திரம் கட்டினர். அப்பக்கத்துக் குடியானவர் சிலர் தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டழைத்தனர்.