முற்றுகைக்குள் ஒரு புலவர்

ஐசக் காஸோபான் போர்க்களத்தை மிதித்தவர் அல்லர். ஆயினும் கிரேக்க மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய போர்நூலை முதன்முதலில் அச்சேற்றியவர் அவரே. வரலாற்று நூல்கள் அவரைப் பெரும் புலவர் என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

அவர் 1559இல் ஜெனீவாவில் பிறந்தார். பெற்றோர் பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த புராட்டஸ்டண்டுகள். சமய போதகரான தந்தை பிறகு பிரான்சுக்கே திரும்பினார். அங்கு உள்நாட்டுப் போர்; வீட்டை விட்டு ஓடுவது வழக்கமாயிற்று. 1572இல் பாரிஸில் புராட்டஸ்டண்டுகள் கொன்று குவிக்கப்பட்ட செய்தி வந்தபோது, தந்தையும் மகனும் மலையில் ஒளிந்திருந்தனர். பையன் அங்கேதான் கிரேக்கம் பயின்றான். விடுதியில் விளக்கணைந்தால் புத்தகத்தை மூடிவிடும் நாம் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர் ஜெனீவாவில் கிரேக்கப் பேராசிரியரானார். புகழ்பெற்ற எத்தியேன் அச்சகக் குடும்பத்தில் பெண் எடுத்தார். பிள்ளைகள் 18 பேர். மாமனாரிடம் அரிய நூல்கள் நிறைய இருந்தன. ஆனால் மருமகனை நூலகத்துக்குள் விடமாட்டார்! தம் 38ஆம் பிறந்தநாளன்று காஸோபான் இலத்தீனில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். படிக்க முடியாமல் கழிந்த நாளெல்லாம் அதில் புலம்பலாகவே இருக்கும். பேச வந்த நண்பர்களும் தப்பவில்லை.

நான்காம் ஹென்றி மன்னர் அழைக்க, 1600இல் பாரிஸ் சென்றார். மதம் காரணமாகப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. அரச நூலகப் பொறுப்பு கிட்டியது. அந்நூலகத்துக்குக் கிரேக்க நூல்களைப் படியெடுத்துத் தந்தவர்களுள் கிரீட் தீவினரான ஆஞ்ஜெலோஸ் வெர்கிகியோஸ் ஒருவர். அவர் கையெழுத்தின் அழகைப் பார்த்தே அரசருக்கான கிரேக்க அச்செழுத்துகளைச் செதுக்கினார்கள். அவ்வெழுத்துகளால் நூல்களை அச்சிட்டவர் காஸோபான் மனைவியின் பாட்டனார்.

இந்த நூலகத்துக் கையெழுத்துப் பிரதியிலிருந்துதான் ஏனியாஸின் நூல் வெளிப்பட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அது, முற்றுகையில் நகரைக் காப்பது எப்படி என்று சொல்வது. எதிரி சுரங்கம் தோண்டினால் குளவிகளையும் தேனீக்களையும் உள்ளே விடு என்கிறது. 24 எழுத்துகளுக்கு 24 துளையிட்ட எலும்பில் நூல் கோத்து இரகசியச் செய்தி அனுப்பக் கற்பிக்கிறது. ஆனால் நூல் முழுதும் நிறைந்திருப்பது மதிலுக்கு வெளியே நிற்கும் பகைவனைப் பற்றிய அச்சத்தைவிட, உள்ளே இருந்து கதவைத் திறந்துவிடுபவனைப் பற்றிய அச்சமே என்று எனக்குத் தோன்றுகிறது.

நூலின் தாய்ச்சுவடி பிளாரன்ஸில் இருந்தது, 10ஆம் நூற்றாண்டினது. காஸோபான் கையில் இருந்ததோ பிற்காலப் படி. படியெடுத்தவர் கை தவறிய இடங்களில் சொல்லைச் சொல்லோடு ஒட்டிப் பார்த்துத் திருத்தி, இலத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்து, பொலிபியஸ் வரலாற்றோடு 1609இல் வெளியிட்டார். பொலிபியஸ் பதிப்பை மன்னருக்கே காணிக்கையாக்கினார்.

இந்த ஆண்டுகளில் அவரே ஒரு முற்றுகைக்குள் இருந்தார். கத்தோலிக்கராக மாறும்படி அரசவையில் ஓயாத வற்புறுத்தல். வாதிட வந்தவர்களும் சாமானியர் அல்லர், கார்டினல் து பெரோனே நேரில் வாதிட்டார். மாறியிருந்தால் பதவியும் பொருளும் குவிந்திருக்கும். அவர் மாறவில்லை. 1610 மே மாதத்தில் மன்னர் குத்திக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் மூத்த மகன் ஜான் கத்தோலிக்கரானான். தந்தைக்கு இது எத்தகைய அடி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

காஸோபான் இங்கிலாந்து சென்றார். முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஆதரித்தார். ஆனால் தம்மோடு சமய விவாதம் செய்யவே அவரை அழைத்து அழைத்து நேரத்தைத் தின்றார். பொலிபியஸ் உரை முடியவில்லை. 1614 ஜூலை 1ஆம் நாள் காஸோபான் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். நாட்குறிப்பை அவர் நிறுத்தியது அதற்கு இரண்டு வாரம் முன்புதான்.