முற்றுப்பெறாக் கோபுரமும் முதிய துறவியும்

நுழையும்முன்

பெரும்பணிகளைத் தொடங்குவோர் பலர். பிறர் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பணியைத் தம் தோளில் ஏற்று முடிப்போர் சிலரே. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக முடிவுறாது நின்ற திருவரங்கக் கோபுரத்தை நிறைவுசெய்த துறவி ஒருவரின் தொண்டினையும், அக்கோபுரத்தின் கட்டுமான நுட்பத்தினையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர், காவிரிக்கு அப்பால் விண்ணை அளாவி நிற்கும் கோபுரம் ஒன்றைக் காண்பர். 13 நிலைகளுடன் 236 அடி உயர்ந்து நிற்கும் அது, திருவரங்கம் அரங்கநாதர் கோயிலின் தெற்கு இராசகோபுரம். தோற்றத்தால் தொன்மையானதாகத் தெரியினும், அது முழுமை பெற்றது 1987ஆம் ஆண்டில்தான். அதனை முழுமையாக்கியவர் அகோபில மடத்தின் 44ஆம் பட்டத் தலைவர். அம்மடத்தின் தலைவர் அனைவருக்கும் அழகியசிங்கர் என்பது பட்டப்பெயர். இவர் பிறந்த ஊரோடு சேர்த்து, முக்கூர் அழகியசிங்கர் என மக்கள் இவரை அழைத்தனர்.

நின்றுபோன பணி

விசயநகரப் பேரரசர் அச்சுதராயர் காலத்தில் இக்கோபுரப் பணி தொடங்கப்பெற்றது என்பர். 1542இல் அவர் மறைந்தபின் பணி தொடரவில்லை. ஏறத்தாழ 55 அடி உயரக் கருங்கல் பகுதி மட்டும் எஞ்சி நின்றது. அதனை மக்கள் இராயகோபுரம் என்றும் மொட்டைக் கோபுரம் என்றும் வழங்கினர். தலைமுறைகள் பல அதன் வாயிலைக் கடந்து சென்றன. மேலே ஒரு செங்கல்லும் ஏறவில்லை.

முதுமையில் ஏற்ற பொறுப்பு

வடமொழியிலும் வேதாந்தத்திலும் ஆழ்ந்த புலமை பெற்ற அழகியசிங்கர், 1979இல் இப்பணியைக் கையிலெடுத்தபோது எண்பது அகவையைக் கடந்திருந்தார். தமக்கென உடைமை எதுவும் கொள்ளாத துறவியாகிய அவருக்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது. பணி மீண்டும் இடையில் நின்றால், மொட்டைக் கோபுரம் என்னும் பெயர் நிலைத்துவிடும், முதுமையோ காத்திருக்காது. ஆகவே சுமையை அவர் பலருக்கும் பகிர்ந்தளித்தார். அரசுகளும் நிறுவனங்களும் தனியாரும் பொருள் வழங்கினர். ஆறாம் நிலைக்கான செலவை இசையமைப்பாளர் இளையராஜா ஏற்றார்.

உயரத்தின் நுட்பம்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. ஆற்று மணல் படிந்த அந்நிலத்தில், பழைய கல் அடித்தளத்தின்மீது புதிய நிலைகளை எழுப்புவது எளிதன்று. உயர்ந்த கட்டடம் எதுவாயினும் இரு சோதனைகளை வெல்ல வேண்டும்: ஒன்று, தன் எடையை நிலத்திற்குச் சீராக இறக்குவது, மற்றொன்று, காற்றின் தள்ளுவிசையைத் தாங்குவது.

கோபுரத்தின் வடிவமே இவ்விரண்டிற்கும் விடையாகிறது. அடியில் சுமார் 166 அடி நீளமும் 97 அடி அகலமும் கொண்ட இக்கோபுரம், உச்சியில் 98 அடி நீளமும் 32 அடி அகலமுமாகச் சுருங்குகிறது. இதனால் பளுவின் பெரும்பகுதி கீழேயே அமைகிறது. காற்று வலுத்து வீசும் உயரத்தில் அதனை எதிர்கொள்ளும் பரப்பும் குறைகிறது. அடிப்பகுதி கருங்கல்லாக இருக்க, மேல்நிலைகள் கருங்கல்லினும் எடை குறைந்த செங்கல்லால் ஆயின. உட்புறம் வெற்றிடமாக விடப்பட்டதால் எடை மேலும் குறைந்தது. ஒவ்வொரு நிலையின் நடுவிலும் உள்ள திறப்பு ஒளியையும் காற்றையும் உள்ளே விடுகிறது. மரபறிந்த சிற்பிகளின் கைத்திறனோடு, இக்காலத்தின் சிமெண்டும் இரும்புக் கம்பியும் இப்பணியில் இணைந்தன.

நிறைவும் நினைவும்

எட்டு ஆண்டு உழைப்பின் பயனாக, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. உச்சியில் 13 செப்புக் கலசங்கள் ஒளிர்ந்தன. தொடங்கிய அரசர் காணாத நிறைவை, முடித்த துறவி தம் கண்களால் கண்டார். அதன்பின் சில ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

மேல்நிலையின் சுமையைக் கீழ்நிலை தாங்குவதாலேயே கோபுரம் நிற்கிறது. பெயர் தெரியாத பழங்காலக் கல்தச்சர்கள் இட்ட அடித்தளம் இன்றும் 13 நிலைகளைச் சுமக்கிறது. அதனை நம்பி மேலே கட்டத் துணிந்ததே முக்கூர் அழகியசிங்கரின் பெருமை.

தெரிந்து தெளிவோம்

துபாயில் 828 மீட்டர் உயரத்துடன் நிற்கும் புர்ஜ் கலீஃபாவும் மேலே செல்லச் செல்லப் படிப்படியாகக் குறுகும் வடிவுடையது. காற்றின் விசையைக் குறைக்க அவ்வடிவம் உதவுகிறது.