கடல் கடந்த கௌபாய் குரல்: டெக்ஸ் மோர்ட்டனின் வாழ்வும் அது எழுப்பும் கேள்வியும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மண்ணை அதுவரை மிதித்திராத ஓர் இளைஞர், டெக்ஸாஸுக்குத் திரும்பிச் செல்லும் ஏக்கத்தைப் பாடி, 1936ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். டெக்ஸ் மோர்ட்டன் என்ற பெயரில் புகழ்பெற்ற அவர், அமெரிக்கரும் அல்லர், ஆஸ்திரேலியரும் அல்லர். நியூசிலாந்தின் நெல்சன் நகரில் 1916ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி, அஞ்சல் துறை எழுத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்த ராபர்ட் வில்லியம் லேன் என்பவரே அவர்.

இரவல் ஏக்கத்தோடு தொடங்கிய அந்தக் குரல், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து கிராமிய இசையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக மாறியது எப்படி என்பது, புலம்பெயர்ந்து வாழும் எந்தச் சமூகத்துக்கும் பொருள் தரக்கூடிய வரலாறாகும்.

பெயர் பிறந்த கதை

ஜிம்மி ரோட்ஜர்ஸ் போன்ற அமெரிக்கப் பாடகர்களின் இசைத்தட்டுகள் வழியாகவே லேன் பாடக் கற்றார். குரலைச் சட்டென உச்சத்துக்கு உடைத்து ஏற்றும் யோடலிங் முறையும் அவற்றிலிருந்தே அவருக்குக் கிடைத்தது. தமிழ்த் திரையில் ஜே.பி. சந்திரபாபுவின் குரலில் நாம் கேட்டு மகிழ்ந்ததும் இதே முறைதான்.

உலகப் பொருளாதார மந்தம் நிலவிய 1930களின் தொடக்கத்தில், பதின்ம வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறிய அவர் தெருக்களில் பாடிப் பிழைத்தார். ஆக்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள வைஹி என்ற சுரங்க ஊரில் காவலர் ஒருவர் பெயரைக் கேட்டபோது, எதிரே தெரிந்த வாகனப் பழுதுபார்ப்புக் கூடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து, தன் பெயர் மோர்ட்டன் என்று அவர் சொல்லிவிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. டெக்ஸ் என்ற முன்னொட்டு கௌபாய் உலகம் தந்தது. சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லரை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இப்பெயர் புதிதல்ல. அந்தக் கதாநாயகனும் 1948இல் இத்தாலியில் உருவாக்கப்பட்டவரே.

ஏன் சிட்னி?

அக்காலத்தில் நியூசிலாந்தில் வணிகரீதியாக இசைத்தட்டு தயாரிக்கும் தொழில் வேரூன்றியிருக்கவில்லை. மாவோரி இசையமைப்பாளர் ரூரு கரைத்தியானா இயற்றிய 'ப்ளூ ஸ்மோக்' பாடல், முழுவதும் அந்நாட்டிலேயே பதிவாகி வெளியான முதல் இசைத்தட்டு எனக் கருதப்படுகிறது. அது வெளிவந்தது 1949இல்தான். ஆகவே சொந்த நாட்டுப் பாடகர் ஒருவரின் குரல் தட்டில் பதிவாக வேண்டுமானால் அவர் கடல் கடக்க வேண்டியிருந்தது.

சிட்னியில் ரீகல் ஸோனோஃபோன் முத்திரையில் வெளியான மோர்ட்டனின் தட்டுகள் விரைவிலேயே பெரும் வரவேற்பைப் பெற்றன. ஆனால் டெக்ஸாஸ் ஏக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரேலிய உள்நாட்டின் மந்தை ஓட்டிகள், ஆட்டு ரோமம் கத்தரிப்போர், வேலை தேடி அலைவோர், அடங்காத குதிரைகள் என அவரது பாடுபொருள் மாறியது. இறக்கும் தறுவாயிலுள்ள மந்தைக்காரன் ஒருவனின் கடைசி விருப்பத்தைச் சொல்லும் மரபுப் பாடலையும் அவர் பதிவு செய்தார். அப்பாடலின் மூலமோ பிரிட்டனிலிருந்து வந்தது.

அமெரிக்க கௌபாய் பாடல்களும் இவ்வாறு கலந்து பிறந்தவையே. உள்நாட்டுப் போருக்குப் பின்னர் டெக்ஸாஸிலிருந்து கான்ஸாஸ் ரயில் நிலையங்களை நோக்கி மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிக்கர்களும் கணிசமாக இருந்தனர். ஜான் லோமாக்ஸ் 1910இல் தொகுத்து வெளியிட்ட கௌபாய் பாடல்கள் பலவற்றின் வேர்கள் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் உள்ளன. தூய அமெரிக்க மரபு என்று எண்ணப்படுவதே குடியேறிகளின் கூட்டுச் சொத்துதான்.

மேடையும் மறுபிறவியும்

மோர்ட்டன் பாடகராக மட்டும் இருக்கவில்லை. முரட்டுக் குதிரையேற்றக் காட்சிகளுடன் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் செய்தார். 1950களில் வட அமெரிக்கா சென்று, 'தி கிரேட் மோர்ட்டன்' என்ற பெயரில் மேடை மனோவசியக்காரராகப் பெயர் பெற்றார். ஆஸ்திரேலியா திரும்பிய பின்னர், 1960களின் பிற்பகுதியில் நியூசிலாந்துத் தொலைக்காட்சியின் 'கன்ட்ரி டச்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். 1973இல் கன்சிண்ட் என்ற பந்தயக் குதிரையைப் பற்றிய பாடல் மீண்டும் அவரைப் புகழேணியில் ஏற்றியது. 1976இல் டாம்வொர்த் நகரின் கிராமிய இசைப் புகழ்ப் பட்டியலில் முதலாவதாக இடம்பெற்ற அவர், 1983 ஜூலை 23ஆம் தேதி சிட்னியில் காலமானார். பட்டி வில்லியம்ஸ், ஸ்லிம் டஸ்டி ஆகியோர் அவர் வெட்டிய பாதையில் வந்தவர்கள்.

யாருடைய நிலம்?

எனினும், இந்த வெற்றிக் கதைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பரந்த மேய்ச்சல் நிலத்தைத் தன் வீடாகப் பாடும் இம்மரபில், அந்நிலம் யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் மந்தை மேய்த்தவர்களில் ஏராளமானோர் பூர்வகுடிகள். 1966இல் வேவ் ஹில் பண்ணையில் குரிண்ட்ஜி மக்கள் தொடங்கிய வேலைநிறுத்தம், நியாயமான கூலியோடு பறிபோன நிலத்தையும் கோரியது. ஆக்லாந்தில் 1977 ஜனவரி முதல் 1978 மே மாதம் வரை, 500 நாட்களுக்கும் மேலாக, பாஸ்டியன் பாயிண்ட் குன்றில் மாவோரி மக்கள் அமர்ந்திருந்ததும் நிலத்துக்காகவே. காவல்துறையினர் இறுதியில் 222 பேரைக் கைது செய்தனர்.

அதே வேளையில், பூர்வகுடி மக்கள் இந்த இசையை ஒதுக்கிவிடவில்லை என்பதையும் மறுக்க முடியாது. யோர்ட்டா யோர்ட்டா இனத்தவரான ஜிம்மி லிட்டில் போன்றோர் அதைத் தங்கள் குரலாக்கிக் கொண்டனர். குடியேறியவர் இரவல் வாங்கிய பாடலை, நிலத்தை இழந்தவர் தம் இழப்பைச் சொல்லக் கையாண்டது வரலாற்றின் விந்தை.

தமிழருக்கு இது அந்நியமான அனுபவம் அல்ல. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் பாடல்களில் கங்காணியும் கொழுந்துக் கூடையும் நுழைந்தன. ஊர்ப் பாட்டு மலைநாட்டுப் பாட்டானது. சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தொகுத்ததனால்தான் அம்மக்களின் உழைப்புக்கும் துயரத்துக்கும் அவர்களது சொற்களிலேயே ஆவணம் கிடைத்தது.

இன்று ஆக்லாந்திலும், டொராண்டோவிலும், லண்டனிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள், தாங்கள் காணாத ஊர்களின் ஏக்கத்தைப் பாடுகின்றனர். அதில் பிழையேதும் இல்லை. மோர்ட்டனும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் அவரது பெயர் நிலைத்தது, தன் காலடியிலிருந்த மண்ணைப் பாடத் துணிந்த பிறகே. அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களையும் பாட்டுக்குள் அழைத்துக்கொள்வது அவர் பெரும்பாலும் விட்டுச்சென்ற பணி. புதிய நாடுகளில் தமிழ்ப் பாட்டு வேரூன்ற வேண்டுமானால், இவ்விரண்டையும் அது செய்தாக வேண்டும்.