மாதிரி கொண்டு மாநிலம் அளந்த பேரறிஞர்
பிரசாந்த சந்திர மகாலனோபிஸ்

அறிவுலகில் அழியாப் புகழ் நாட்டிய பெரியோர் பலர். அவருள், கவிஞரையும் ஞானியரையும் நாட்டுத் தலைவரையும் நாம் அறிந்துள்ள அளவிற்கு, எண்ணிக்கையையே தவமாகக் கொண்டு மக்களுக்குத் தொண்டாற்றிய விஞ்ஞானியரை அறிந்தோமில்லை. எண்ணென்ப ஏனை எழுத்தென்ப இரண்டையும் கண்ணாகப் போற்றிய மரபில் வந்த எமக்கு இஃது ஒரு குறையேயாகும். புள்ளிவிபரவியல் என்னும் பாடம் இன்று எமது கல்லூரி மாணவர் அனைவரும் கற்கும் ஒன்றாகிவிட்டது. இடை, இடையம், ஆகாரம், நியம விலகல், நிகழ்தகவு என்னுஞ் சொற்களை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் எழுதுகின்றனர். ஆயின் அச்சொற்கள் வெள்ளத்திலும் பசியிலும் சிக்குண்ட மக்களுக்கு எவ்வாறு உதவின என்பதை உணர்ந்தோர் சிலரே. அதனை உணர்த்தவல்லதாய் அமைந்தது வங்கத்துப் பேராசிரியர் மகாலனோபிஸ் அவர்களின் வாழ்க்கை. அதனை இம்மலரில் சுருக்கமாய் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிரசாந்த சந்திரர் 1893ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி கல்கத்தா நகரில் பிறந்தார். அவர் குடும்பம் பிரம சமாசத்தைச் சார்ந்தது. கல்வியையும் சமுதாயச் சீர்திருத்தத்தையும் இரு விழிகளாகக் கொண்டது. பிரம சமாசத்தினர் நடாத்திய பாடசாலையிற் பயின்றபின், பிரசிடென்சிக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பௌதிகவியலிற் சிறப்புப் பட்டம் பெற்றார். அறிவியல் மேதை சகதீச சந்திர போசும், இரசாயன அறிஞர் பிரபுல்ல சந்திர ராயும் அக்காலத்தில் அக்கல்லூரியில் ஆசிரியராய் விளங்கினர். நல்லாசிரியரை அடைந்த மாணவன் பாதித் தூரத்தைக் கடந்தவனாவான் என்பதற்கு இவர் வாழ்வு சான்றாகும்.

1913இல் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்து சென்றார். இலண்டனிற் பயிலவே கருதியிருந்தவர் ஒருநாள் கேம்பிரிட்ஜைக் காணச் சென்றார். மாலையில் திரும்பும் புகையிரதத்தைத் தவறவிட்டார். அன்றிரவு தென்னிந்திய நண்பர் ஒருவருடன் தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் அழகில் தம் உள்ளத்தைப் பறிகொடுத்த அவர் மறுநாளே அங்கு சேர முயன்று, இடமும் பெற்றுவிட்டார். தற்செயலின் இயல்பை ஆராய்வதிலேயே பிற்காலத்தைக் கழித்த ஒருவரின் வாழ்வு தற்செயலால் திரும்பியமை நயத்தற்குரியது.

கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற பெரும்பேறு எம் தமிழினத்துக் கணிதச் செம்மல் சீனிவாச இராமானுசனின் நட்பாகும். குளிரால் வருந்திய இராமானுசன் கம்பளிகளின்மேற் படுத்துறங்குவதைக் கண்ட பிரசாந்தர், கம்பளிகளின் உட்புகுந்து உறங்கும் முறையை அவருக்குக் காட்டிக் கொடுத்தார். பிறிதொரு நாள் சஞ்சிகையொன்றில் வந்த புதிர்க் கணக்கை அவர் வாசித்துக் காட்டினார். ஒரு தெருவிலுள்ள வீடுகளுக்கு ஒன்று முதல் தொடர்ச்சியாக இலக்கமிடப்பட்டுள்ளது. ஒரு வீட்டின் இடப்புற இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்புற இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குட்பட்டவை. அவ்வீட்டின் இலக்கம் யாது என்பதே புதிர். பலவாறு முயன்று பார்த்துப் பிரசாந்தர் சில நிமிடங்களில் விடை கண்டார்: 288 வீடுகளுள் 204ஆவது வீடு. இராமானுசனோ, அடுப்பிற் காய்கறியைக் கிளறியவாறே, அத்தகைய எல்லா விடைகளையும் தரவல்ல தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லிவிட்டார். ஒருவர் உண்மைகளைத் தேடிச் சேர்த்து முடிபுக்கு வருபவர். மற்றவர் முடிபை உள்ளொளியாற் காண்பவர். இரு நெறிகளும் அறிவுக்கு வேண்டியனவே.

1915இல் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தித் தாயகம் திரும்ப ஆயத்தமானார். முதலாம் உலகப் போரினாற் கப்பற் பயணம் தாமதமாயிற்று. அவ்விடைக்காலத்தில் அவருடைய ஆசிரியர் மக்கோலே என்பார், கார்ல் பியர்சன் வெளியிட்டு வந்த பயோமெற்றிக்கா என்னும் ஏட்டின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். அவற்றை முழுமையாக விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே கற்கத் தொடங்கினார் பிரசாந்தர். பௌதிகவியலாளராய்ச் சென்றவர் புள்ளிவிபரவியலாளராய்த் திரும்பினார் எனல் மிகையாகாது. பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகவியல் கற்பித்தவாறே, பரீட்சைப் பெறுபேறுகளையும் மக்களின் உடலளவைகளையும் மழைக் கணக்குகளையும் ஆராயலானார்.

இவ்விடத்தில் எமது மாத்தளை மாவட்டத்து இரிவர்ஸ்டனை மாணவர்க்கு நினைவூட்ட விரும்புகின்றோம். இறத்தோட்டையிலிருந்து மலைமீதேறும் பாதை நக்கிள்ஸ் தொடரின் இக்கணவாயைக் கடந்தே இலுக்கும்புறைப் பக்கம் இறங்குகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஏறுபக்கம் மூடுபனியும் மழையுமாய் இருக்கும். கணவாயைத் தாண்டினால் வறண்ட காற்று ஆளையே தள்ளும். அக்காற்றின் வன்மையாற் சிகரத்து மரங்களும் குறுகி வளைந்து நிற்கின்றன. இருபக்க மழையையும் கூட்டி இரண்டாற் பிரித்தால் வரும் இடைப்பெறுமானம் எப்பக்கத்துக் கமக்காரனுக்கும் பயன்படாது.

இன்னுமொரு சிறு கணக்கைக் காண்போம். ஓரூரில் ஐந்து நாளும் நாளொன்றுக்கு 20 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது எனக் கொள்வோம். மற்றோரூரில் நான்கு நாள் மழையே இல்லை; ஐந்தாம் நாள் 100 மில்லிமீற்றர் கொட்டுகின்றது. இரண்டிற்கும் இடை 20 மில்லிமீற்றரே. ஆயின் முதலூரில் நியம விலகல் சூனியம், இரண்டாவதில் 40. முதலூரிற் பயிர் தழைக்கும். இரண்டாமூரிற் பாலம் உடையும். இடையை மட்டும் அறிந்தவன் பாதி அறிந்தவனே. அதனைச் சூழ்ந்த சிதறலையும் அறிந்தவனே முழுதும் அறிந்தவன்.

இவ்வுண்மையின் பயனை நாடு கண்டது வெள்ளக் காலத்திலேதான். 1922 முதல் 1926 வரை பிரசாந்தர் அலிப்பூர் வானிலை ஆய்வகத்தின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். 1922இல் வட வங்காளத்தைப் பெருவெள்ளம் அழித்தது. நீரைத் தேக்கி வைக்கும் பெருஞ் செலவான தடாகங்களை அமைக்குமாறு பொறியியலாளர் குழுவொன்று கூறியது. ஏறத்தாழ ஐம்பதாண்டு மழைக் குறிப்புகளை ஆராய்ந்த பிரசாந்தர், அத்தடாகங்களாற் பயனில்லை, விரைந்து நீர் வடிய வழி செய்தலே வேண்டும் என நிறுவினார். 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆறு கரையுடைத்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆதலாற் கரைகளை உயர்த்த வேண்டும் என்பதே வல்லுநர் துணிபு. அறுபதாண்டுக் குறிப்புகளை அலசிய பிரசாந்தரோ படுகை குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்றும், மேல்நிலப்பரப்பிற் பெய்த அளவிறந்த மழையே காரணம் என்றும் காட்டினார். மேலே அணை கட்டுதலே தக்க பரிகாரம் என்ற அவர் கருத்து, பின்னர் மகாநதியில் எழுந்த ஈராக்குட் பேரணைக்கு முன்னோடியாயிற்று. ஓராண்டின் பேரழிவைக் கண்டு திகைப்பது மனித இயல்பு. பல்லாண்டுக் குறிப்பைக் கண்டு தெளிவது அறிவின் இயல்பு.

1931 திசெம்பரில் நண்பர் சிலருடன் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கல்லூரியின் ஆய்வறையொன்றே அதன் இருப்பிடம். முதலாண்டுச் செலவு இருநூற்றைம்பது ரூபாவைக்கூட எட்டவில்லை. 1933இல் சாங்கியா என்னும் ஆராய்ச்சியேட்டைத் தொடக்கினார். எண்ணையும் மெய்யறிவையும் ஒருங்கே குறிக்கும் அவ்வடமொழிப் பெயரே அவர் நோக்கத்தைப் புலப்படுத்தும். 1936இல் மகாலனோபிஸ் தூரம் என இன்று உலகம் வழங்கும் அளவையை விரிவாக வெளியிட்டார். இரு மக்கட் கூட்டங்களிடையே உயரம், தலையகலம், மூக்கு நீளம் எனப் பல அளவுகளில் வேறுபாடு காணப்படலாம். அவற்றை வெறுமனே கூட்டுதல் தவறு. உயர்ந்தவனுக்குக் கைகளும் நீண்டிருப்பதுபோல் ஒன்றோடொன்று தொடர்புற்ற அளவுகளை இருமுறை எண்ணலாகாது. சிதறலையும் தொடர்பையும் கணக்கிற் கொண்டு ஒரே எண்ணால் வேறுபாட்டைக் கூறும் வழியை அவர் வகுத்தார். 1945இல் இலண்டன் வேத்தியற் கழகம் அவரைத் தன் அங்கத்தவராக்கிக் கௌரவித்தது.

எனினும் அவர் புகழின் சிகரம் மாதிரி ஆய்வேயாகும். பானைச் சோற்றுக்கு ஒரு சோற்றைப் பதம் பார்க்கும் வழக்கம் எம்மவர்க்குப் புதிதன்று. ஆயின் பானை முழுதும் ஒரு பதமாய் வெந்திருந்தாலன்றி அம்முறை ஏமாற்றிவிடும். இறத்தோட்டைப் பக்கத்து ஒரு தோட்டத்தைக் கண்டு இலுக்கும்புறை வயலை மதிப்பிடல் ஆகுமா? ஆகவே நிலத்தை இயல்புக்கேற்பப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் எழுமாறாகத் துண்டங்களைத் தெரிதல் வேண்டும். தெரிபவரின் விருப்பு வெறுப்புக்கு அங்கு இடமில்லை. ஒவ்வொரு துண்டமும் தெரிவுபெறும் நிகழ்தகவு முன்னரே அறியப்பட்டிருத்தல் வேண்டும். அங்ஙனம் செய்யின் எத்துணை வழு நேரக்கூடும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லலாம். மாதிரியை நான்கு மடங்காக்கினால் அவ்வழு பாதியாகும். மேலும், ஒரே நிலத்தை இரு குழுவினர் தனித்தனி மாதிரிகளால் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுத் தவற்றைக் கண்டறியும் முறையையும் அவர் புகுத்தினார்.

1937 முதல் வங்காளத்துச் சணற் பயிரை இம்முறையால் அளந்தார். காணி காணியாக எண்ணுவதே உண்மை தரும் எனப் பலர் வாதிட்டனர். ஆயின் 1940களில் ஓராண்டு, வணிகக் கணக்கோடு ஒப்பிட்டபோது, பெருஞ் செலவிற் செய்த முழு எண்ணிக்கை ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்திருந்தது. சிறு செலவிற் செய்த மாதிரிக் கணிப்போ அக்கணக்கை நெருங்கி நின்றது. களைத்த ஆயிரவர் கவனமின்றி எண்ணுவதிலும், பயின்ற சிலர் கருத்தூன்றி அளத்தல் மேல் என்பது தெளிவாயிற்று.

1947இல் நிகழ்ந்த ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் பொருந்தும். பிரிவினைக் கலவரத்தில் உயிர் தப்பியோர் பல்லாயிரவர் தில்லிச் செங்கோட்டையிற் புகலடைந்தனர். உணவளித்த குத்தகைக்காரர் பெருந்தொகைப் பற்றுச்சீட்டுகளைச் சமர்ப்பித்தனர். உள்ளிருந்தோர் எத்தனை பேர் என அரசினர் அறியார். உட்சென்று எண்ணவும் இயலவில்லை. பிரசாந்தரின் நிறுவனத்தைச் சார்ந்த சென்குப்தாவின் வழியைத் துணைக்கொண்டு புள்ளிவிபரவியலாளர் கணக்கிட்டனர். சீட்டுகளிற் கண்ட அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவை ஒருவர் உண்ணும் அளவாற் பிரித்தனர். மூன்றும் மூன்று விடை தந்தன. அரிசி மிகப் பெரிய தொகையையும், உப்பு மிகச் சிறிய தொகையையும் காட்டின. விலைமிக்க அரிசியைக் கூட்டியெழுத ஆசை எழும். மலிந்த உப்பைக் கூட்டியெழுதி யாது பயன்? உப்புக் கணக்கே உண்மைக்கு அண்மையது எனத் துணிந்தனர். தொகை ஓரளவு தெரிந்திருந்த உமாயூன் கல்லறை முகாமிற் சோதித்தபோது அம்முறை சரியாகவே பொருந்திற்று. ஏழையின் சோற்றிற் கலந்த பொய்யை ஒரு சிட்டிகை உப்பு வெளிப்படுத்தியது.

சுதந்திர இந்தியாவில் 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப் பிரசாந்தரே காரணராயினார். இலட்சக்கணக்கான கிராமங்களுள் 1,800க்குச் சற்று மேற்பட்டவற்றையே தெரிந்து, மக்கள் உண்பது யாது, உடுப்பது யாது என அவ்வாய்வு முதன்முதல் வினவிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரியெடுத்தல் உபகுழுவிற்கும் அவர் தலைமை தாங்கினார். 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அவர் வகுத்த மாதிரியுருவைத் தழுவியது. கனரகக் கைத்தொழிலுக்கு முதலிடம் அளித்த அத்திட்டத்தைப் பொருளியலறிஞர் செனாய் முதலியோர் அன்றே மறுத்துரைத்தனர். அவ்விவாதம் இன்றும் ஓய்ந்திலது. திட்டம் பற்றி யார் எக்கருத்துக் கொண்டிருப்பினும், அவ்விவாதத்திற்கு வேண்டிய நம்பத்தகுந்த எண்களைத் தந்தவர் அவரே என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

சமண அறிஞரின் சியாத்வாதத்தில், எப்பொருளையும் ஒருபடித்தாய்த் துணியாது, இருக்கலாம் எனப் பலவாறு நோக்கும் நெறியை, நிகழ்தகவுச் சிந்தனையுடன் ஒப்பிட்டு அவர் 1954இல் கட்டுரை வரைந்தார். மேனாட்டு விஞ்ஞானத்தைக் கற்றும் கீழ்த்திசை ஞானத்தை மறவாத உள்ளம் அவருடையது. கவி தாகூருடன் நெருங்கிய நட்புப் பூண்டு, விசுவபாரதியின் செயலாளருள் ஒருவராகவும் பல்லாண்டு பணிபுரிந்தார். 1968இல் இந்திய அரசு பத்மவிபூசண விருதளித்தது. 1972 யூன் 28இல், எழுபத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்னர், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். 2007 முதல் அவர் பிறந்த நாள் இந்தியாவிற் புள்ளிவிபர தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

எமது நாட்டிலும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், எழுமாறாகத் தெரிந்த வயற்றுண்டங்களில் நெல்லை அறுத்து நிறுத்தே விளைச்சலை மதிப்பிடுகின்றது. குடும்பங்களின் வருமானத்தையும் செலவையும் மாதிரி ஆய்வாலேயே அறிகின்றது. எமது மலைநாட்டு இலயன்களில் வாழ்வோரின் வறுமையும், கணவாய்க்கு அப்பாலுள்ள கிராமத்தவரின் குறையும் அரசினர் செவிக்கு எட்ட வேண்டுமாயின், அவர்களும் அம்மாதிரியில் உரிய இடம் பெறல் வேண்டும். மாவட்ட இடை என்னும் ஒற்றை எண்ணில் அவர்தம் துயர் மறைந்துவிடலாகாது.

ஆதலால் மாணவர்காள், நியம விலகலைச் சூத்திரமாக மட்டும் கற்றல் போதாது; அதனுள் மனிதர் இருப்பதையும் காணுங்கள். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இப்பாடத்தின் மெய்ப்பயனை இளைஞர்க்கு எடுத்துரைப்பார்களாக. பேராசிரியர் மகாலனோபிசின் நெறியைப் பின்பற்றி, உள்ளதை உள்ளவாறு எண்ணியுரைக்கும் நேர்மையாளர் எமது கல்லூரியிலிருந்தும் தோன்ற வேண்டுமென இறைவனை வேண்டி அமைகின்றோம்.