பூவுக்குப் பெயர் தந்த டாக்டர்

கார்டீனியா என்ற செடியைப் பார்த்திருக்கிறீர்களா? காப்பிச் செடியின் இனம். ஆண்டு முழுவதும் இலை பச்சைப்பசேல் என்று பளபளக்கும். வெள்ளை வெளேர் என்று பூத்து, வாடும்போது மஞ்சளாகும். ஒரு பூ பூத்தால் தோட்டமே மணக்கும்.

இந்தப் பூவின் பெயரில் ஒரு டாக்டரின் சோகக் கதை அடங்கியிருக்கிறது!

அவர் பெயர் அலெக்சாண்டர் கார்டன். 1730-ல் ஸ்காத்லாந்தில் பிறந்தார். வைத்தியம் படித்து, 1752-ல் அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவுக்குப் போனார். பிறகு சார்லஸ்டன் நகரில் குடியேறினார். 1760-ல் அங்கே வைசூரி பரவியது. ஊர் மக்களுக்கு ஓய்வில்லாமல் அம்மை குத்தினார்.

ஆனால் அவர் மனமெல்லாம் செடிகொடியில்தான். காட்டுச் செடிகளையும் மீன்களையும் பதம் செய்து, ஸ்வீடனில் இருந்த லின்னேயஸ் என்ற பேரறிஞருக்குக் கப்பலில் அனுப்பினார்.

பெயர் வந்த விதம்

அப்போது லண்டன் அருகே ரிச்சர்ட் வார்னர் என்ற செல்வர் வீட்டில் ஒரு புதுச் செடி பூத்தது. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து கப்பல் தலைவர் ஒருவர் கொண்டு வந்தது. அதனால் "முனை மல்லிகை" என்றார்கள். உண்மையில் அதன் தாயகம் சீனா.

கார்டனின் நண்பர் ஜான் எல்லிஸ், இதற்கு நண்பரின் பெயரை வைக்க விரும்பினார். லின்னேயஸ் முதலில் தயங்கினார். பிறகு இணங்கினார். கார்டன் கண்டுபிடிக்காத செடி, கார்டீனியா ஆயிற்று!

ஜேம்ஸ் கார்டன் என்ற நாற்றுப் பண்ணைக்காரர் இதைப் பெருக்கி விற்று நல்ல பணம் சேர்த்தார். அவர் வேறு ஆள், டாக்டருக்கு உறவல்ல.

வளர்ப்பது எப்படி?

இந்தச் செடிக்குப் புளிப்புத்தன்மை உள்ள மண் வேண்டும். சுண்ணாம்பு ஆகாது, பட்டால் இலை மஞ்சளிக்கும். மக்கிய இலை எரு போடுங்கள். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. முற்றாத கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்யுங்கள்.

தந்தையும் மகனும்

1775-ல் அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டது. டாக்டர் கார்டன் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றார். அவருடைய மகனோ, பெயரும் அலெக்சாண்டர்தான், சுதந்திரப் படையில் சேர்ந்துவிட்டான்!

1782-ல் டாக்டரின் சொத்துக்கள் பறிமுதலாயின. நாடு கடத்தப்பட்டார். ஆசையாய் வளர்த்த தோட்டத்தை விட்டு லண்டன் சேர்ந்தார். மகனை அவர் மன்னிக்கவே இல்லை.

மகனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தையின் கோபம் தணியட்டும் என்றோ என்னவோ, குழந்தைக்குக் கார்டீனியா என்றே பெயரிட்டான். அப்படியும் அந்தப் பேத்தியைப் பார்க்கத் தாத்தா இசையவில்லை என்று சொல்லப்படுகிறது.

1791-ல் காச நோயால் லண்டனில் கார்டன் இறந்தார். சார்லஸ்டன் வீட்டுத் தோட்டங்களில் இன்றும் கார்டீனியா பூக்கிறது. விரட்டிய ஊரிலேயே அவர் பெயர் மணக்கிறது!