நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென்

நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென் (டிசம்பர் 15, 1860 - செப்டம்பர் 24, 1904) ஒரு டேனிய மருத்துவர் ஆவார். இவர் தற்கால ஒளிச்சிகிச்சையின் தந்தை எனக் கருதப்படுகிறார். செறிவூட்டப்பட்ட ஒளிக்கதிர்களைக் கொண்டு தோல் காசநோயைக் குணப்படுத்தும் முறையைக் கண்டறிந்தமைக்காக 1903 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. டென்மார்க்கிற்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு இதுவேயாகும்.

இளமையும் கல்வியும்

ஃபின்சென் பரோயே தீவுகளின் தலைநகரான டோர்சானில் பிறந்தார். இவரது தந்தை ஐசுலாந்து வழிவந்தவர். தீவுகளின் ஆட்சித்துறையில் உயர் பதவி வகித்தவர். ஃபின்சென் சிறுவனாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். டென்மார்க்கில் உள்ள எர்லுப்சோல்ம் உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்ட இவர் அங்கு திறமை குறைந்த மாணவராகவே மதிப்பிடப்பட்டார். எனவே 1876 இல் ஐசுலாந்தின் ரெய்க்யவிக் நகரப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். 1882 இல் கோபனாகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கி 1890 இல் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே உடற்கூற்றியல் துறையில் பணியாற்றினார். ஆய்வில் முழுமையாக ஈடுபடும் பொருட்டு 1893 இல் அப்பணியை விட்டு விலகினார்.

நோயும் ஒளியும்

மாணவப் பருவத்திலேயே இவரைத் தீராத நோய் ஒன்று பற்றியது. கல்லீரல், இதயம் ஆகியவற்றின் உறைகள் படிப்படியாகத் தடித்து, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. சோர்வுற்றிருந்த தமது உடலுக்கு வெயில் இதமளிப்பதை உணர்ந்த ஃபின்சென், ஒளி உயிர்களின் மீது ஏற்படுத்தும் விளைவுகளை ஆராயத் தொடங்கினார்.

ஒளி நன்மை மட்டுமன்றித் தீங்கும் செய்யக்கூடியது என்பதை இவர் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார். தோல் வெந்து சிவப்பதற்குக் காரணம் வெயிலின் வெப்பம் அன்று, அதிலுள்ள நீலம், ஊதா, புற ஊதாக் கதிர்களே என்பதை 1893 இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இதன் அடிப்படையில், பெரியம்மை நோயாளிகளைச் சிவப்புத் திரையிட்ட அறைகளில் வைத்தால் தழும்புகள் குறையும் எனப் பரிந்துரைத்தார். இம்முறை பின்னாளில் கைவிடப்பட்டது.

ஃபின்சென் விளக்கு

லூப்பஸ் வல்காரிஸ் எனப்படும் தோல் காசநோய் அக்காலத்தில் ஐரோப்பாவில் பரவலாகக் காணப்பட்டது. இது மூக்கு, உதடு, கன்னம் ஆகியவற்றை மெல்ல அரித்து முகத்தையே உருக்குலைத்துவிடும். பல ஆண்டுகளாக ஆறாத இப்புண்களிலும் தழும்புகளிலும் தோல் புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. சூடு வைத்தலும் சுரண்டி எடுத்தலுமே அன்றைய மருத்துவ முறைகளாக இருந்தன.

1895 இல் ஃபின்சென் கார்பன் வில்விளக்கின் ஒளியை வில்லைகளால் குவித்து, இந்நோயால் நெடுங்காலம் துன்புற்ற ஒருவரின் முகத்தில் செலுத்தினார். சில மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால் இவர் குவார்ட்ஸ் வில்லைகளைப் பயன்படுத்தினார். தோல் வெந்துவிடாதிருக்க நீரால் குளிர்விக்கப்பட்ட வில்லை ஒன்று தோலின் மீது அழுத்திப் பிடிக்கப்பட்டது. இவ்வாறு அழுத்துவதால் அவ்விடத்திலுள்ள இரத்தம் விலகி, ஒளி மேலும் ஆழமாக ஊடுருவியது. ஒவ்வொரு முறையும் சிறு பரப்பிற்கு மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒளி செலுத்த வேண்டியிருந்தது.

1896 இல் கோபனாகனில் ஃபின்சென் மருத்துவ ஒளி நிலையம் நிறுவப்பட்டது. 1901 வரை அங்கு ஏறக்குறைய 800 லூப்பஸ் நோயாளிகள் மருத்துவம் பெற்றனர். அவர்களில் பெரும்பாலோர் குணமடைந்தனர் அல்லது நல்ல முன்னேற்றம் கண்டனர். 1900 இல் அலெக்சாந்திரா அவர்களின் முயற்சியால் இவ்விளக்கு லண்டன் மருத்துவமனையிலும் நிறுவப்பட்டது.

இறுதிக்காலம்

ஃபின்சென் 1892 இல் இங்கெபோர்க் பால்சுலெவ் என்பவரை மணந்தார். இறுதி ஆண்டுகளில் சக்கர நாற்காலியிலேயே இருக்க நேர்ந்தது. நோபல் பரிசைப் பெற்றுக்கொள்ள இவரால் ஸ்டாக்ஹோம் செல்ல இயலவில்லை. பரிசுத் தொகையின் ஒரு பகுதியைத் தமது ஒளி நிலையத்திற்கு அளித்தார். தமது நோயையே ஆராய்ந்து, உடலில் உப்பு தேங்குவது பற்றி 1904 இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு தமது 43 ஆம் அகவையில் காலமானார்.

பிற்கால மதிப்பீடு

ஃபின்சென் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே புற ஊதாக் கதிர்களின் மற்றொரு முகம் தெளிவானது. அவை எலிகளின் தோலில் புற்றுக்கட்டிகளை உண்டாக்குவதை 1928 இல் ஜார்ஜ் பிண்ட்லே காட்டினார். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009 இல் புற ஊதாக் கதிர்வீச்சை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

ஃபின்சென் விளக்கு செயல்பட்ட விதம் குறித்த கருத்தும் மாறியது. எஞ்சியிருந்த விளக்குகளை 2005 இல் சோதித்த டேனிய ஆய்வாளர்கள், 340 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள கதிர்கள் அவற்றின் வில்லைத் தொகுதி வழியே வெளிவரவில்லை எனக் கண்டனர். நோய்க்கிருமிகளில் உள்ள போர்பிரின் எனும் நிறமிகள் ஒளியை உறிஞ்சி, கிருமிகளைக் கொல்லும் ஆக்சிசன் வடிவத்தை உருவாக்கியிருக்கலாம் என்பது அவர்களின் விளக்கமாகும்.

இன்று பயன்படும் குறைசெறிவு ஒளிச்சிகிச்சை இதிலிருந்து வேறுபட்டது. அது பெரும்பாலும் சிவப்பு ஒளியையும் அண்மை அகச்சிவப்பு ஒளியையும் பயன்படுத்துகிறது. அங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் 1967 இல் சீரொளி புற்றுநோய் உண்டாக்குமா என எலிகளில் சோதித்தபோது, கட்டி தோன்றவில்லை. மாறாக, மழித்த உரோமம் விரைந்து வளர்ந்தது. இக்கதிர்கள் புற ஊதாக் கதிர்களைப் போல மரபணுப் பொருளை நேரடியாகச் சிதைப்பதில்லை. ஆயினும் உயிரணுக்களைத் தூண்டும் ஒளி, ஏற்கெனவே உள்ள புற்றணுக்களையும் தூண்டுமா என்ற கேள்வி எஞ்சியது. 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், மிகுந்த அளவு சிவப்புச் சீரொளி எலிகளின் மெலனோமா கட்டியைப் பெருக்கியது. குறைந்த அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. 2012 இல் வெளியான மற்றோர் ஆய்வில், தோல் கட்டியுள்ள எலிகளுக்குச் சிவப்பு ஒளி அளித்தும் கட்டியின் வளர்ச்சி கூடவில்லை. எலிகளில் கிடைத்த இம்முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது. ஆகவே புற்றுக்கட்டியின் மீது இவ்வொளியை நேரடியாகச் செலுத்துவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

ஃபின்சென் நிறுவிய நிலையம் பின்னர் கோபனாகனின் ரிக்சு மருத்துவமனையுடன் இணைந்தது. அங்கு இவரது பெயரைத் தாங்கிய மையம் புற்றுநோய் மருத்துவத்தில் ஈடுபட்டு வந்துள்ளது.