சனிக்கிழமையை விட்டுக்கொடுக்காத சட்டாம்பிள்ளை

ஈப்போ: தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஓய்வுநாள் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். அன்று பிரட்டு இல்லை, பால்வெட்டு இல்லை. கோயிலுக்குப் போகிறவர் கோயிலுக்குப் போவார்; தேவாலயத்துக்குப் போகிறவர் தேவாலயத்துக்குப் போவார். அந்த நாள் ஏன் ஞாயிறாக இருக்கிறது, வேறு நாளாக ஏன் இல்லை என்று யாரும் கேட்டதில்லை. துரை கொடுத்த நாள் அது.

சுமார் 170 ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையில் ஒரு தமிழர் அந்தக் கேள்வியைக் கேட்டார். வேதத்தில் சொல்லியிருப்பது ஏழாம் நாள், அதாவது சனிக்கிழமை. அப்படியிருக்க வெள்ளைக்காரப் பாதிரியார் சொல்லும் ஞாயிற்றுக்கிழமையை நாம் ஏன் கைக்கொள்ள வேண்டும் என்பது அவர் கேள்வி. அதோடு நிற்காமல், பாதிரிமார் இல்லாத தமிழ்க் கிறிஸ்தவ சபை ஒன்றையே அவர் நிறுவினார். அவர் பெயர் அருமைநாயகம். வரலாறு அவரைச் சட்டாம்பிள்ளை என்ற பெயரில் அறியும்.

கிறிஸ்தவர்களிலேயே பலர் இன்று அவரை அறியமாட்டார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பேராக் குடும்பங்களில்கூட நாசரேத், சாயர்புரம், இடையன்குடி என்ற ஊர்ப் பெயர்கள் நினைவில் இருக்கும். சட்டாம்பிள்ளை நினைவில் இருக்கமாட்டார்.

பெயர் வந்த விதம்

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில், ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்ற மாணவர்களை அடக்கி, பாடம் சொல்ல வைக்கும் மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளை என்பார்கள். இன்றைய பள்ளி வழக்கில் வகுப்புத் தலைவர். அருமைநாயகத்துக்கு அது பட்டப்பெயராக வந்து, கடைசியில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அவர் பிறந்தது 1823-ல். நாடார் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் அன்று பனையேறிப் பிழைத்தார்கள். கோயிலுக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதி இல்லை. மேல்சாதியார் முன் எப்படி நிற்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. மிஷன் பள்ளி அவர்களுக்குத் திறந்த முதல் கதவு. ஊர் ஊராக மக்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள்.

அருமைநாயகம் அப்படிப் படித்து மேலே வந்தவர். நாசரேத்தில் ஆங்கிலிக்கன் மிஷனில் உபதேசியாராக வேலை பார்த்தார். உபதேசியார் என்பவர் பாதிரியாருக்கு அடுத்த படியில் இருப்பவர். ஊர் மக்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவர். சம்பளம் மிஷன் கொடுப்பது. தோட்டத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் கிராணி இருந்ததைப்போல, வெள்ளைப் பாதிரியாருக்கும் ஊர் சபைக்கும் நடுவில் உபதேசியார் இருந்தார்.

நாசரேத்தில் அன்று பாதிரியாராக இருந்தவர் கெமரர். அவருக்கும் சட்டாம்பிள்ளைக்கும் 1850-ஐ ஒட்டி மோதல் ஏற்பட்டது. அதில் சாதியும் கலந்திருந்தது. முடிவில் சட்டாம்பிள்ளை வேலையை இழந்தார்.

ஒரு புத்தகம் மூட்டிய தீ

வேலை போன கோபம் மட்டுமே என்றால் அது அவரோடு போயிருக்கும். ஊரையே எழுப்பியது ஒரு புத்தகம்.

இடையன்குடியில் ஊழியம் செய்துவந்த ராபர்ட் கால்டுவெல் 1849-ல், நாடார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அன்றைய வழக்குப்படி அவர்களைச் சாணார் என்றே அதன் தலைப்பு குறித்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் எழுதித் தமிழுக்குப் பெரும் புகழ் தேடித் தந்த அதே கால்டுவெல்தான் இவர். தமிழ் படித்த எவரும் அந்த ஒப்பிலக்கணத்தைத் தாண்டி வர முடியாது. ஆனால் 1849-ஆம் ஆண்டு நூல் வேறு வகை. அந்த மக்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள், பேய்களை வணங்குபவர்கள், அறிவில் பின்தங்கியவர்கள் என்ற தோரணையில் அது எழுதப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் மிஷனுக்குப் பணம் கொடுப்பவர்கள் படிப்பதற்காக எழுதியது. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் படிப்பார்கள் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

சட்டாம்பிள்ளை படித்தார். ஆங்கிலம் தெரிந்த அவர், அதில் என்ன இருக்கிறது என்பதை ஊர் மக்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். எந்த மிஷன் தங்களைத் தலைநிமிரச் செய்தது என்று நம்பினார்களோ, அதே மிஷன் தங்களை வெளியூரில் இப்படிப் பேசுகிறது என்பது மக்களைச் சுட்டது.

1857-ல் நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தை மையமாகக் கொண்டு, சட்டாம்பிள்ளையின் தலைமையில் ஒரு கூட்டம் மிஷனை விட்டுப் பிரிந்தது. இயேசுவை விடவில்லை, வெள்ளைக்காரரின் அதிகாரத்தை விட்டார்கள். புதிய சபைக்கு இந்து கிறிஸ்தவ சபை என்ற பொருளில் பெயர் வந்தது. இந்து என்ற சொல் அங்கே இந்த நாட்டவர் என்ற பொருளில் வந்தது. பழைய மதத்துக்குத் திரும்பியதாக அதற்குப் பொருள் இல்லை. இந்தியாவில் வெளிநாட்டு மிஷனின் கையை விட்டுத் தனியாக நின்ற ஆரம்பகாலப் புரோட்டஸ்டண்டு சபைகளில் இது முக்கியமானது.

ஏழாம் நாளுக்கு வந்த வழி

பிரிந்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. இதுவரை கைக்கொண்ட வழக்கங்களில் எது வேதம், எது ஐரோப்பா?

சட்டாம்பிள்ளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். இயேசு பிறந்தது ஆசியாவில். அவர் யூதர். அவர் படித்த வேதம் எபிரேய வேதம். அப்படியென்றால் இந்த மார்க்கம் ஐரோப்பியரின் சொத்து இல்லை. இடையில் அவர்கள் கைக்குப் போனது, அவ்வளவுதான். இதுவே அவர் வாதத்தின் அடித்தளம்.

அபிஷேகம் பெற்ற குருமார் என்ற அமைப்பை அவர் சபை கைவிட்டது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது நின்றது. திருவிருந்தில் மதுவுக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறு வந்தது. தரையில் அமர்ந்து, விழுந்து வணங்கி ஆராதித்தார்கள். பழைய ஏற்பாட்டின் பண்டிகைகளை எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு போய், ஓய்வுநாள் சனிக்கிழமையானது.

தமிழ் வேதாகமத்தில் ஓய்வுநாள் என்று வரும் சொல் எபிரேயத்தின் ஷபாத் என்பதைக் குறிப்பது. வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி மாலை சூரியன் மறையும்வரை அது நீடிக்கும். பத்துக் கட்டளைகளில் அது ஒன்று. இயேசு உயிர்த்தெழுந்தது ஞாயிறு என்பதால் ஆதித் திருச்சபை ஞாயிறைக் கொண்டாடத் தொடங்கியது. 321-ஆம் ஆண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக ஆணையிட்டார். ஞாயிறைக் காப்பவர்கள் உயிர்த்தெழுதலைக் காரணம் காட்டுவார்கள். சனியைக் காப்பவர்கள் கட்டளையைக் காரணம் காட்டுவார்கள். இந்த வழக்கு இன்றும் முடியவில்லை.

இதில் சட்டாம்பிள்ளை தனித்தவரும் இல்லை. எத்தியோப்பியத் திருச்சபை நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமைக்கும் மதிப்புக் கொடுத்து வருகிறது. சட்டாம்பிள்ளை வாழ்ந்த அதே 1850-களில் சீனாவில் எழுந்த தைப்பிங் இயக்கத்தினரும் ஏழாம் நாளில் வழிபட்டார்கள். அதன் தலைவர் ஹொங் சியூச்சுவான் ஹக்கா இனத்தவர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு வந்தவர்களில் பலரும் அதே ஹக்கா மக்கள்தான். வேதத்தைத் தாங்களே கையில் எடுத்துப் படித்த ஆசியர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஒரே நாளில் வந்து நின்றார்கள்.

நெருக்கடி வந்த பக்கம்

ஓய்வுநாளைக் காக்கும் சபைகளில் ஒரு போதனை உண்டு. கடைசி நாட்களில் இந்த நாளே விசுவாசத்துக்குச் சோதனையாக வரும். அதைக் காப்பவர்கள் வாங்கவும் விற்கவும் முடியாதபடி நெருக்கப்படுவார்கள் என்று வெளிப்படுத்தின விசேஷத்தை வைத்துச் சொல்வார்கள். கேட்பவர்களுக்கு அது எங்கோ, என்றோ நடக்கப்போகும் பெரிய காரியமாகத் தோன்றும்.

சட்டாம்பிள்ளையின் காலத்தில் நெருக்கடி அவ்வளவு பெரிய உருவத்தில் வரவில்லை. மிஷனை விட்டால் மிஷன் சம்பளம் இல்லை. உபதேசியார் வேலையும் ஆசிரியர் வேலையும் மிஷன் கையில் இருந்தன. பிள்ளைகளைப் படிக்க வைக்க அந்த வட்டாரத்தில் இருந்ததும் மிஷன் பள்ளிகள்தான். உறவினரில் பாதிப்பேர் அந்தப் பக்கம் இருந்தார்கள். சிறையும் இல்லை, சவுக்கடியும் இல்லை. ஆனால் நாள்தோறும் அரித்துக்கொண்டிருக்கும் நெருக்கடி அது. பிரிந்து சென்றவர்களில் பலர் காலப்போக்கில் மிஷனுக்கே திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளையின் படிப்பு எந்தப் பெற்றோருக்கும் பெரியது.

சட்டாம்பிள்ளை திரும்பவில்லை. சிறுத்துப்போன சபையோடு இருந்தார், எழுதினார், வாதாடினார். 1884-ல் அவருடைய ரூத்தம்மாவை என்ற நூல் வந்தது. வேதத்தில் வரும் ரூத்தின் கதையை எடுத்துக்கொண்டு, எபிரேயரின் திருமண முறைக்கும் நம் நாட்டு முறைக்கும் உள்ள ஒற்றுமையைக் காட்டி, ஐரோப்பிய முறையை அதில் அவர் கண்டித்தார். கால்டுவெல் நூலுக்கு எதிராக நாடார் சமூகத்தில் எழுந்த குரலும் அந்த ஆண்டுகளில் வலுத்தது.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

சட்டாம்பிள்ளையை மாசற்ற வீரராகக் காட்டுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. அவர் போராட்டத்தில் சுயமரியாதையும் சாதிப் பெருமையும் பின்னிக் கிடந்தன. தம் மக்களைத் தாழ்த்தி எழுதியதை எதிர்த்தார். சாதியின் ஏணியை எதிர்க்கவில்லை. தங்களுக்கு அதில் உயர்ந்த படி உரியது என்பதே அந்தக் காலத்து நாடார் தலைவர்கள் பலரின் வாதம். அவர் வாதமும் அதற்கு வெளியே இல்லை.

அவர் உயிராகப் பிடித்துக்கொண்ட ஓய்வுநாள் கட்டளையே இதில் அவருக்கு எதிர்சாட்சியாக நிற்கிறது. அந்தக் கட்டளை எசமானுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, அந்நியன், மாடு எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே ஓய்வு. எகிப்தில் அடிமையாக இருந்ததை மறக்காதே என்பதுதான் உபாகமம் அதற்குச் சொல்லும் காரணம். ஏழாம் நாளை எண்ணிக் காப்பது பாதிக் கட்டளை. அந்த நாளில் யாரும் யாருக்கும் கீழே இல்லை என்பது மீதிப் பாதி. முதல் பாதியில் சட்டாம்பிள்ளை மலைபோல் நின்றார்.

விதைத்தது முளைத்த இடம்

அமெரிக்காவில் 1863-ல் அமைப்பாக உருவான ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்கு வந்தபோது, திருநெல்வேலியில் ஏற்கெனவே சனிக்கிழமையைக் காக்கும் தமிழர்கள் இருப்பதை அறிந்தது. 1908-ல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற ஊழியர் குடும்பத்தோடு பிரகாசபுரத்துக்கே வந்து தங்கினார். தமிழரிடையே அந்தச் சபையின் பணி அங்கே வேரூன்றியது. அவர் பெயரைத் தாங்கிய பள்ளி பிரகாசபுரத்தில் இன்றும் உண்டு. ஓய்வுநாளை வெளிநாட்டவர் வந்து தமிழருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது முழுக் கதை ஆகாது. அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழர் அதைத் தாமே தேடிப் பிடித்திருந்தார்கள்.

மலேசியர்களுக்கு அட்வென்டிஸ்ட் என்ற பெயர் பினாங்கு மருத்துவமனையால் பழக்கம். அதன் தொடக்கம் 1924. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஓய்வுநாள் நம்பிக்கையையும், அதற்குத் தமிழ் மண்ணில் இருந்த இந்தப் பழைய உறவையும் அறிந்தவர் குறைவு.

நம் ஊரில் சனிக்கிழமை

தோட்டத்தில் சனிக்கிழமை வேலைநாள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று உறுதி செய்தது. ஆனால் அது எந்த நாள் என்பதை முதலாளி முடிவு செய்யலாம். அரசு ஊழியருக்கு 2005 ஜூலையில்தான் ஐந்து நாள் வேலை வாரம் வந்து, சனிக்கிழமை முழுவதும் விடுமுறையானது. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. பேராக்கில் சனியும் ஞாயிறும். நாள் மாறக்கூடியது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இருந்தாலும் கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்ப்பவருக்குச் சனிக்கிழமை ஷிப்ட் வரும். பள்ளிப் பிள்ளைக்குச் சனிக்கிழமை மாற்று வகுப்பு வரும், போட்டி விளையாட்டு வரும். நம்பிக்கைக்காக ஒரு நாளை ஒதுக்கிக் காப்பவர் அப்போதெல்லாம் மேலதிகாரியிடமோ ஆசிரியரிடமோ போய் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. சனிக்கிழமையைக் காக்கும் கிறிஸ்தவருக்கு மட்டும் வருவதல்ல இது. தைப்பூசத்துக்கு விரதமிருப்பவர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் தமிழ் முஸ்லிம் என்று எல்லோருக்கும் ஏதோ ஒரு வடிவில் வருவதுதான். பெரும்பாலும் அது கொடுமையாக வருவதில்லை. ஓவர்டைம் பணமாக வரும், இந்த ஒருமுறை மட்டும் என்ற வேண்டுகோளாக வரும். மறுப்பது கடினமாவதே அதனால்தான்.

சட்டாம்பிள்ளை 1918-ல் காலமானார். வயது தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது. அவரை நீக்கிய பாதிரியாரும், அவர் எதிர்த்து நின்ற கால்டுவெல்லும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது. தமிழுக்கு அவர் செய்ததற்கு அது தகும். சம்பளத்தை இழந்தும் வேதத்தைத் தன் கண்ணால் படித்து, தன் மொழியில் கேள்வி கேட்ட அந்த உபதேசியாரின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். அவர் நிமிர்ந்து நின்றதைச் சொல்லும்போது, அவர் விட்டுவிட்ட மீதிப் பாதியையும் சேர்த்தே சொல்லவேண்டும்.